என்டூம்ப்ட்: முதல் இரண்டு ஆல்பத்தோடு நிறுத்திக்கொள்ளலாமா?

தாழ்சுருதி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஸ்வீடிஷ் டெத் மெட்டல் பக்கம் நான் வந்து நாலு மாதம்தான் ஆகிறது. நண்பன் ஒருவன் என்டூம்ப்ட் குழுவின் முதல் ஆல்பமான 'லெஃப்ட் ஹேண்ட் பாத்' ஆல்பத்தை அனுப்பி, "முதல் பாட்டைக் கடைசி வரைக்கும் கேள், நடுவில் நிறுத்தாதே" என்றான். கேட்டேன். பாதிப் பாட்டு வரை அடித்து நொறுக்கிவிட்டு, சட்டென்று வேகம் இறங்கி, கிட்டாரில் ஒரு சோகமான மெட்டு வருகிறது பாருங்கள், அங்கே மாட்டிக்கொண்டேன். அன்று ராத்திரி அந்தப் பாட்டை எத்தனை தடவை கேட்டேன் என்று எனக்கே கணக்கில்லை.

அப்புறம் 'கிளான்டெஸ்டைன்' கேட்டேன். அதுவும் பிடித்தது. ஆனால் குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. சரி என்று மூன்றாவதான 'வுல்வரின் ப்ளூஸ்' போட்டால், இது வேறு இசைக்குழுவோ என்று சந்தேகம் வந்துவிட்டது. ராக் அண்ட் ரோல் மாதிரி நடக்கிறது. நண்பனிடம் கேட்டதற்கு, "அதோடு அவர்கள் விலைபோய்விட்டார்கள், முதல் இரண்டோடு நிறுத்திக்கொள்" என்கிறான்.

இரண்டாவது ஆல்பத்தில் பாடுவது யார்? அந்த ரம்பம் அறுக்கிற மாதிரியான கிட்டார் ஒலி எப்படி வருகிறது? 'என்டூம்ப்ட் ஏ.டி.' என்று இன்னொரு பெயரும் கண்ணில் படுகிறதே, அது என்ன? இதெல்லாம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, நண்பன் சொல்வது சரியா? நான் உண்மையிலேயே அங்கே நிறுத்திவிடலாமா?

---

இரும்புச்சிலுவை எழுதியது:

நண்பரே, உங்கள் நண்பர் சொன்னதில் பாதி சரி. நிறுத்துங்கள், ஆனால் அங்கிருந்து நேராக டிஸ்மெம்பர் என்ற குழுவுக்குப் போங்கள்.

அதே ஸ்டாக்ஹோம், என்டூம்ப்ட் பதிவு செய்த அதே சன்லைட் ஸ்டூடியோ, அதே ரம்ப ஒலி. 1991-இல் வந்த 'லைக் அன் எவர்ஃப்ளோயிங் ஸ்ட்ரீம்' முதல் 2008-இல் குழுவின் பெயரிலேயே வந்த கடைசி ஆல்பம் வரைக்கும் பாதையை விட்டு அதிகம் விலகாமல் வந்தவர்கள். அந்த முதல் ஆல்பத்தில் இருந்த ஒரு பாட்டுக்காக பிரிட்டிஷ் சுங்கத்துறை அதை ஆபாசம் என்று பறிமுதல் செய்து, வழக்கு நீதிமன்றம் வரை போய், கடைசியில் ஆல்பத்தின் பக்கம்தான் தீர்ப்பு வந்தது. அடுத்த ஆல்பத்துக்கு 'இன்டீசன்ட் அண்ட் அப்சீன்' என்றே பெயர் வைத்தார்கள். 2011-இல் கலைந்து, 2019-இல் பழைய ஆட்களோடு ஸ்டாக்ஹோமில் மறுபடி மேடை ஏறினார்கள்.

என்டூம்ப்ட் தொடங்கி வைத்தது, டிஸ்மெம்பர் காப்பாற்றியது. இது என் கருத்து.

---

ஆரஞ்சு எழுத்து எழுதியது:

தம்பி, உன் கேள்வியைப் பார்த்ததும் பதில் எழுதாமல் தூங்க முடியாது என்று தெரிந்துவிட்டது. உன் நண்பன் சொன்ன அதே வார்த்தையை ஒரு காலத்தில் நான் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். "முதல் இரண்டோடு சரி." பத்தொன்பது வயதில் 'வுல்வரின் ப்ளூஸ்' சிடியை வாங்கி, ஒரே தடவை கேட்டுவிட்டு, அடுத்த வாரமே இன்னொருவரிடம் கொடுத்து வேறொன்று வாங்கிக்கொண்டேன். அதை மறுபடி முழுசாகக் கேட்க எனக்கு இருபது வருடத்துக்கு மேல் பிடித்தது. அந்த இருபது வருடம் எனக்கு நஷ்டம் என்றுதான் இன்று நினைக்கிறேன். உனக்கு அது நடக்க வேண்டாம்.

முதலில் அந்தச் சோகமான மெட்டு. அது அவர்கள் போட்டதில்லை. 1979-இல் வந்த 'ஃபேன்டாசம்' என்ற திகில் படத்தின் இசையை எடுத்து அங்கே வைத்திருக்கிறார்கள். திகில் படம் பார்த்தே வளர்ந்த பையன்கள். ஆனால் எங்கே வைத்தார்கள் பார்! அவ்வளவு அடிக்குப் பிறகு, காது களைத்துப்போன நேரத்தில். அந்த ஆல்பத்தை 1989 டிசம்பரில் ரெக்கார்ட் செய்தபோது டிரம்ஸ் வாசித்த நிக்கே ஆண்டர்சனுக்கும் பாடிய எல்.ஜி. பெட்ரோவுக்கும் வயது பதினேழு. இந்த ஒரு விஷயத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள். இனி நான் சொல்லப்போகிற எல்லாவற்றுக்கும் இது வேண்டும்.

கதை 1987-இல் நிஹிலிஸ்ட் என்ற பெயரில் தொடங்குகிறது. அந்த நாள் ஸ்டாக்ஹோமில் இளைஞர் மையங்களிலும் கல்விச் சங்கங்களின் கட்டடங்களிலும் பையன்களுக்கு ஒத்திகை அறை கிடைத்தது. டிரம்ஸ் செட்டுக்கும் இடத்துக்கும் அலைய வேண்டாம். டெமோ என்ற மாதிரிப் பாட்டுகளைக் கேசட்டில் பதிவு செய்து, தபாலில் அனுப்பி, பதிலுக்கு அமெரிக்காவிலிருந்தோ பிரிட்டனிலிருந்தோ ஒரு கேசட் வரும். நிஹிலிஸ்டின் பெயர் அப்படித்தான் ஊர் ஊராகப் பரவியது. ஆல்பம் ஒன்று கூட வராமலே வெளிநாடுகளில் ரசிகர்கள் இருந்தார்கள்.

1989-இல் நிஹிலிஸ்ட் உடைந்த விதம் இருக்கிறதே, அது பதினேழு வயதுக்கே உரியது. பேஸ் வாசித்த ஜானி ஹெட்லண்டோடு மற்றவர்களுக்கு ஒத்துப்போகவில்லை. "நீ வேண்டாம்" என்று முகத்துக்கு நேராகச் சொல்ல மனம் வராமல், குழுவையே கலைத்துவிட்டதாகச் சொல்லிவிட்டார்கள். சில நாளில் அவர் மட்டும் இல்லாமல் என்டூம்ப்ட் என்ற புதுப் பெயரில் சேர்ந்துகொண்டார்கள். ஹெட்லண்ட் சும்மா இருக்கவில்லை. அன்லீஷ்ட் என்ற குழுவைத் தொடங்கி, இன்றுவரை நடத்துகிறார். ஒரு சங்கடத்தில் இரண்டு குழு கிடைத்தது நமக்கு.

சரி, ரம்ப ஒலி. இதைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் வீட்டில் எல்லோரும் எழுந்து போய்விடுவார்கள், ஆனால் நீ கேட்டுவிட்டாய்.

ஜப்பானிய பாஸ் நிறுவனத்தின் எச்எம்-2 என்ற பெடல், அதாவது கிட்டாருக்கும் ஆம்புக்கும் (ஒலிபெருக்கி) நடுவே வைத்துக் காலால் மிதித்து ஒலியை மாற்றுகிற பெட்டி. கறுப்புப் பெட்டி, ஆரஞ்சு எழுத்து. 1983 முதல் 1991 வரை தயாரித்தார்கள். வெளியானபோது பெரிய வரவேற்பு இல்லை, பழைய சாமான் கடைகளில் மலிவாகக் கிடைத்த சரக்கு. மேலே நான்கு குமிழ்: லெவல், லோ, ஹை, டிஸ்டார்ஷன். சாதாரணமாக எந்த பெடலிலும் ஒன்றைக் கூட்டி ஒன்றைக் குறைத்து நிதானம் பார்ப்போம். நிஹிலிஸ்டில் கிட்டார் வாசித்த லெய்ஃப் குஸ்னர் அந்த நிதானமெல்லாம் பார்க்கவில்லை. நான்கையும் வலது கோடி வரை திருகிவிட்டார். இந்த ஒலிக்கு மூலவர் அவர்தான் என்று கூட இருந்தவர்களே சொல்கிறார்கள். முதல் ஆல்பம் வருவதற்கு முன்பே அவர் குடும்பத்தோடு கனடா போய்விட்டார். 2006-இல் இறந்துபோனார். அவர் பெயர் ஆல்பத்து அட்டைகளில் பெரிதாக இல்லாததால் நிறைய பேருக்குத் தெரிவதில்லை. நீ தெரிந்து வைத்துக்கொள்.

என்னிடம் ஒரு பழைய எச்எம்-2 இருக்கிறது. நான்கு குமிழையும் முழுக்கத் திருகிவிட்டுக் கம்பியைத் தொட்டாலே போதும், ஆம்ப் உறுமும். கையை எடுத்தால் இரைச்சல் கிளம்பும். அதனால் வலது கையின் விளிம்பைக் கிட்டாரின் பாலத்தின் (உடல் பக்கம் கம்பிகளைத் தாங்கும் கட்டை) மேல் அழுத்தியபடியே இருக்க வேண்டும், ஒரு நொடி கூட விடக்கூடாது. ஹை என்ற குமிழுக்குப் பெயர்தான் ஹை. அது தூக்குவது கீச்சென்ற உச்ச ஒலியை இல்லை, ஏறத்தாழ 1 கிலோஹெர்ட்ஸை ஒட்டிய நடு ஒலியை. மரத்தில் ரம்பம் இறங்குகிற அந்தக் கரகரப்பு அங்கேதான் இருக்கிறது. லோ குமிழ் அடியில் ஒரு கனத்தைச் சேர்க்கும். இரண்டும் சேர்ந்தால்தான் நீ கேட்டது.

இன்னொன்றும் வாசித்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. இந்த பெடலைப் போட்டுக்கொண்டு நிறைய சுரம் சேர்ந்த கார்டு எதையாவது வாசித்தால் எல்லாம் சேறாகிவிடும். இரண்டு சுரத்துக் கார்டு நிற்கும், ஒற்றைக் கம்பியில் வேகமாக உரசிப் போகிற மெட்டு நிற்கும். ஸ்டாக்ஹோம் குழுக்களின் ரிஃப்கள் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துண்டுகள்) ஏன் அவ்வளவு எளிமையாக, ஏன் அவ்வளவு மெட்டோடு இருக்கின்றன என்று யோசித்திருக்கிறாயா? பாதிக் காரணம் அந்தக் கறுப்புப் பெட்டி.

மீதிப் பாதி சன்லைட் ஸ்டூடியோவின் தோமஸ் ஸ்கோக்ஸ்பெர்க். வேறு ஒலிப்பதிவாளர் யாராவது இருந்திருந்தால் "தம்பி, இதைக் கொஞ்சம் குறை" என்றிருப்பார். அவர் அதை அப்படியே பதிவு செய்தார். பிறகு எல்லோரும் அங்கே வரிசையில் நின்றார்கள். டிஸ்மெம்பர், கார்னேஜ், கிரேவ் எல்லாம் உள்ளூர். நார்வேயின் டார்க்த்ரோன் தங்கள் முதல் ஆல்பத்தை அங்கே வந்துதான் செய்தார்கள். பின்லாந்தின் அமார்ஃபிஸும் வந்தார்கள்.

அடுத்து, நீ கேட்ட குரல். உன் காது சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. 1991-இல் நண்பர்களுக்குள் சண்டை வந்து பெட்ரோவ் வெளியே போனார். இடையில் 'கிரால்' என்ற சின்ன வெளியீட்டுக்கு நிர்வானா 2002 என்ற குழுவின் ஓர்வர் சாஃப்ஸ்ட்ரோம் பாடினார். (அமெரிக்க நிர்வானாவோடு குழப்பிக்கொள்ளாதே.) 'கிளான்டெஸ்டைன்' அட்டையில் ஜானி டோர்டேவிச் என்ற பெயர் இருக்கும். ஆனால் ஸ்டூடியோவில் பாடியது அவர் இல்லை. டிரம்ஸ் வாசித்த நிக்கே ஆண்டர்சனே பாடினார். டிரம்ஸும் அவர், குரலும் அவர், பாட்டுகளில் பெரும்பகுதியும் அவர். அப்போது அவருக்கு வயது பத்தொன்பது. அந்தக் குரலில் ஒரு வறட்சி, ஒரு அவசரம் இருக்கிறது. கடைசிப் பாட்டான 'த்ரூ தி கொலொனேட்ஸ்' கேட்டுப் பார், அதற்கு அது பொருந்தும். ஆனால் பெட்ரோவின் தொண்டையில் இருந்த ஈரம் அதில் இல்லை.

பெட்ரோவ் 1992-இல் திரும்பி வந்தார். அவரும் முதலில் டிரம்மர்தான். மார்பிட் என்ற குழுவில் 1987-இல் டிரம்ஸ் வாசித்தவர். அதனால்தானோ என்னவோ, அவர் சொற்களை நீட்டிப் பாடுவதே அபூர்வம். ஸ்நேர் என்ற சின்ன டிரம்மில் அடி விழும் இடத்திலேயே சொல்லும் விழும். இரண்டு டிரம்மர்கள், ஒருவர் உட்கார்ந்து, ஒருவர் நின்று. நான் இந்தக் குழுவைக் கேட்பது இப்படித்தான்.

இப்போது 1993, 'வுல்வரின் ப்ளூஸ்'. இதை நான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்று சொல்கிறேன். முதல் ஆல்பத்துக்கும் இதற்கும் இடையில் நான்கு வருடம் கூட இல்லை. ஆனால் பதினேழிலிருந்து இருபத்தொன்று வரைக்கும் உள்ள வருடங்கள் அவை. அந்த வயதில் நாம் எத்தனை தடவை மாறியிருப்போம்! அவர்கள் கிஸ், மோட்டர்ஹெட், பங்க் என்று கேட்டு வளர்ந்தவர்கள். அந்த ரசனை வெளியே வந்தது, அவ்வளவுதான். ஸ்டூடியோ அதே சன்லைட். கிட்டாரில் அதே கரகரப்பு. வேகம் மட்டும் இடுப்புக்கு இறங்கியிருக்கிறது.

விலைபோனார்கள் என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்றால், அட்டையிலிருந்து. ஆல்பத்தை வெளியிட்ட இயரேக் நிறுவனத்துக்கு அமெரிக்காவில் கொலம்பியா என்ற பெரிய இசை நிறுவனத்தோடு ஒப்பந்தம் இருந்தது. மார்வெல் நிறுவனத்தோடு பேசி, வுல்வரின் காமிக்ஸ் நாயகன் படத்தை அட்டையில் போட்டு ஒரு பதிப்பைக் கொண்டுவந்தார்கள். பாட்டுக்கும் அந்த நாயகனுக்கும் சம்பந்தம் இல்லை, குழுவுக்கு அது பிடிக்கவும் இல்லை. நானும் அந்த அட்டையைப் பார்த்துத்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அட்டையை வைத்துப் பாட்டைத் தீர்மானித்தது என் தவறு.

2021 மார்ச் 7-ஆம் தேதி பெட்ரோவ் இறந்தார் என்ற செய்தி வந்தது. பித்தநாளப் புற்றுநோய், வயது 49. அன்று ராத்திரி அவர் குரலைக் கேட்க வேண்டும் போல இருந்தது. 'லெஃப்ட் ஹேண்ட் பாத்' போட்டேன், தாங்கவில்லை, அது ரொம்பப் பழகிய குரல். பழகாத ஒன்று வேண்டும் என்றுதான் 'வுல்வரின் ப்ளூஸ்' எடுத்தேன். 'ஹாலோமேன்' வந்தபோது எழுந்து உட்கார்ந்தேன். இருபத்தொரு வயதுப் பையன், ஒவ்வொரு வார்த்தையும் காதில் தெளிவாக விழுகிற மாதிரி உறுமுகிறான். முதல் ஆல்பத்தில் அவர் குரல் கிட்டாருக்குள் புதைந்திருக்கும். இதில் எதிரே வந்து நிற்கிறார். இதையா வேண்டாம் என்று கொடுத்தோம் என்று இருந்தது.

அதனால் நிறுத்தாதே. 'ஹாலோமேன்', 'ஃபுல் ஆஃப் ஹெல்', 'டீமன்' மூன்றையும் ஹெட்ஃபோனில் கேள். கிட்டாரை விட்டுவிட்டு டிரம்ஸையும் குரலையும் மட்டும் பிடித்துக்கொண்டு போ. அப்புறம் வந்து சொல். ஏ.டி. விஷயம் கொஞ்சம் வருத்தமான கதை, அதை அப்போது சொல்கிறேன்.

---

இரட்டைப்பெடல் எழுதியது:

டிரம்ஸ் பக்கம் இருந்து ஒன்று சேர்க்கிறேன்.

ஃப்ளோரிடாவின் டெத் மெட்டல் குழுக்களைக் கேட்டுவிட்டு ஸ்டாக்ஹோம் வந்தால் முதலில் தெரிகிற வித்தியாசம் தாளம். அங்கே இரண்டு காலும் ஓயாமல் கிக் டிரம்மில் ஓடும், பிளாஸ்ட் பீட் என்ற அதிவேக அடி தலைக்கு மேல் போகும். ஸ்டாக்ஹோமில் அடித்தளம் டி-பீட். இங்கிலாந்தின் டிஸ்சார்ஜ் குழுவின் பெயரில் இருந்து வந்த சொல் அது. கிக், ஸ்நேர், கிக்-கிக், ஸ்நேர் என்று முன்னால் சாய்ந்தபடியே ஓடும். ஸ்வீடனில் 80-களில் ஆன்டி சிமெக்ஸ், மாப் 47 போன்ற ஹார்ட்கோர் பங்க் குழுக்கள் அதை ஊறப்போட்டு வைத்திருந்தன. மெட்டல் பையன்களும் பங்க் பையன்களும் ஒரே நிகழ்ச்சிகளில் நின்றவர்கள். நிக்கே அங்கிருந்து எடுத்தார்.

அதனால்தான் 'வுல்வரின் ப்ளூஸ்' எனக்குத் திடீர் திருப்பமாகத் தெரியவில்லை. 'லெஃப்ட் ஹேண்ட் பாத்' ஆல்பத்தின் 'சப்போஸ்ட் டு ராட்' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வேகத்தை மனதுக்குள் குறைத்துப் பாருங்கள். 1993 அங்கேயே இருக்கிறது. ராக் தாளம் அவர் கையில் முதலிலிருந்தே இருந்தது, வேகத்துக்குப் பின்னால் மறைந்திருந்தது.

நான் அந்த டி-பீட்டைப் பழக ஆறு மாதம் எடுத்தேன். அடிகள் ஒரே வாரத்தில் வந்துவிட்டன. அந்தச் சாய்வு வரவில்லை. மெட்ரோனோமோடு துல்லியமாக அடித்தால் செத்துப்போகிறது. ஸ்நேரை ஒரு இம்மி முன்னால் தள்ள வேண்டும், அதே நேரம் ஓடிவிடவும் கூடாது. அதை ஒரு பதினேழு வயதுப் பையன் ஆல்பம் முழுக்கத் தாங்கிப் பிடித்திருக்கிறான் என்று நினைத்தால் இன்றும் எனக்கு மலைப்பாக இருக்கிறது.

---

இரும்புச்சிலுவை எழுதியது:

'ஹாலோமேன்' நல்ல பாட்டு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 1998-இல் வந்த 'சேம் டிஃபரன்ஸ்' ஆல்பத்தையும் காப்பாற்றப்போகிறீர்களா, ஆரஞ்சு எழுத்து அண்ணா?

---

தாழ்சுருதி எழுதியது:

அண்ணா, சொன்னபடி செய்தேன். முதல் தடவை ஒன்றும் பிடிபடவில்லை. இரண்டாவது தடவை, 'ஃபுல் ஆஃப் ஹெல்' ஓடும்போது கிட்டாரை விட்டுவிட்டுக் குரலை மட்டும் பின்தொடர்ந்தேன். ஸ்நேர் அடியும் சொல்லும் ஒன்றாக விழுகிறது என்றீர்களே, அது கேட்டது. ஒருமுறை கேட்டுவிட்டால் அப்புறம் அதைக் கேட்காமல் இருக்க முடியவில்லை! திரும்பிப் போய் முதல் ஆல்பத்தில் 'ட்ரவுண்ட்' போட்டுப் பார்த்தேன், அங்கேயும் அதேதான்.

இரட்டைப்பெடல் அவர்கள் சொன்ன 'சப்போஸ்ட் டு ராட்' சோதனையும் செய்தேன். பாட்டை முக்கால் வேகத்தில் ஓடவிட்டேன். சிலிர்த்துவிட்டது.

லெய்ஃப் குஸ்னர் பெயரை நண்பனிடம் சொன்னேன். அவனுக்கும் தெரிந்திருக்கவில்லை. அந்த ஏ.டி. கதையைச் சொல்லுங்கள்.

---

ஆரஞ்சு எழுத்து எழுதியது:

முதலில் இரும்புச்சிலுவைக்கு: இல்லை, 'சேம் டிஃபரன்ஸ்' ஆல்பத்தை நான் காப்பாற்றவில்லை. நிக்கே 1997-இல் போன பிறகு வந்த முதல் ஆல்பம் அது. அவர் 1994-லேயே தொடங்கியிருந்த ஹெலிகாப்டர்ஸ் என்ற ராக் குழுவுக்கு முழுநேரமாகப் போய்விட்டார். போவதற்கு முன் வந்த 'டு ரைட், ஷூட் ஸ்ட்ரெய்ட் அண்ட் ஸ்பீக் தி ட்ரூத்' ஆல்பத்தை நான் காப்பாற்றுவேன், முழு மனதோடு. ஆனால் 'சேம் டிஃபரன்ஸ்' திசை தெரியாமல் நிற்கிற ஆல்பம். பாட்டு எழுதிக்கொண்டிருந்த கை போய்விட்டது, புதுக் கை இன்னும் பழகவில்லை.

ஆனால் அதோடு முடியவில்லை என்பதைச் சொல்லத்தான் வந்தேன். 2000-இல் 'அப்ரைசிங்', 2001-இல் 'மார்னிங் ஸ்டார்'. டிரம்ஸில் பீட்டர் ஸ்டியார்ன்விண்ட், பேஸில் கிரேவ் குழுவிலிருந்து வந்த யோர்கன் சாண்ட்ஸ்ட்ரோம். குழு மறுபடி எழுந்து நின்றது. 2002-இல் ஸ்வீடனின் ராயல் பாலே நடனக்காரர்களோடு சேர்ந்து ஒரே மேடையில் நிகழ்ச்சி செய்தார்கள். நடனக்காரர்கள் ஆட, பின்னால் பெட்ரோவ் உறுமுகிறார். வேறு எந்த நாட்டில் இது நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. டெமோ கேசட் காலத்தில் இவர்களுக்கு ஒத்திகை அறை கொடுத்த அதே நாடு, பிறகு தன் பெரிய மேடையையும் கொடுத்தது.

அப்புறம் ஒவ்வொருவராகப் போனார்கள். 2007-இல் 'செர்பென்ட் செயின்ட்ஸ்' வந்தபோது ஆரம்ப கால ஆட்களில் மிச்சம் பெட்ரோவும் கிட்டாரிஸ்ட் அலெக்ஸ் ஹெல்லிடும் மட்டும்தான். பிறகு பல வருடம் புது ஆல்பம் இல்லை. பெட்ரோவுக்கு மேடை வேண்டும், புதுப் பாட்டு வேண்டும். ஹெல்லிட் அந்த வழியில் வரவில்லை. 2014-இல் பெட்ரோவ் மற்ற உறுப்பினர்களோடு 'பேக் டு தி ஃப்ரன்ட்' ஆல்பத்தை முடித்தபோது, என்டூம்ப்ட் என்ற பெயரில் வெளியிட முடியாமல் 'ஏ.டி.' என்ற இரண்டு எழுத்தைச் சேர்த்துக்கொண்டார்கள். இன்னொரு பக்கம் ஹெல்லிட், நிக்கே, ஆரம்ப கால கிட்டாரிஸ்ட் உஃபே செடர்லண்ட் மூவரும் சேர்ந்தார்கள். 2016 நவம்பர் 12-ஆம் தேதி, மால்மோவில், சிம்ஃபொனி ஆர்கெஸ்ட்ராவோடு 'கிளான்டெஸ்டைன்' முழுவதையும் வாசித்தார்கள். பாடியது மார்பஸ் க்ரான் என்ற இளைய குழுவின் பையன். அந்தப் பதிவு 2019-இல் வந்தது.

அந்த நவம்பர் 12 எது தெரியுமா? 'கிளான்டெஸ்டைன்' வெளியாகிச் சரியாக 25 வருடம். பெட்ரோவ் பாடாத ஒரே ஆல்பத்தை, பெட்ரோவ் இல்லாமல் வாசித்தார்கள். ரொம்ப அழகான பதிவு, கட்டாயம் கேள். 'த்ரூ தி கொலொனேட்ஸ்' அங்கே எங்கேயோ போய்விடுகிறது. ஆனால் ஒவ்வொரு தடவையும் கேட்கும்போது எனக்கு அவர் இல்லாத இடம் தெரிகிறது.

யார் பக்கம் நியாயம் என்று பல பேர் சண்டை போடுகிறார்கள். நான் அதில் இறங்குவதில்லை. ஒரு பக்கம் அந்தப் பாட்டுகளை எழுதிய கைகள், இன்னொரு பக்கம் முப்பது வருடம் அவற்றைப் பாடிய தொண்டை. எந்தப் பக்கம் நின்றாலும் பாதிதான் கிடைக்கும். இரண்டும் ஒன்றாக இருந்த ஆல்பங்கள் மூன்றே மூன்று: 'லெஃப்ட் ஹேண்ட் பாத்', 'வுல்வரின் ப்ளூஸ்', 'டு ரைட்'. உன் நண்பன் நிறுத்தச் சொன்ன இடத்தில் நீ நின்றிருந்தால் மூன்றில் இரண்டு உனக்குக் கிடைத்திருக்காது.

ஏ.டி. பெயரில் மூன்று ஆல்பங்கள் வந்தன. கடைசியாக 2019-இல் 'பவல்ஸ் ஆஃப் எர்த்'. அடுத்த வருடம் தனக்குக் குணமாகாத புற்றுநோய் என்று பெட்ரோவ் வெளிப்படையாகச் சொன்னார். அந்த ஆல்பத்தில் குரல் கனத்திருக்கிறது, அடியில் கொஞ்சம் மணல் சேர்ந்திருக்கிறது. ஆனால் சொல் இன்னும் ஸ்நேர் மேலேயே விழுகிறது.

நீ 'டு ரைட்' முதலில் கேள். அப்புறம் 'மார்னிங் ஸ்டார்'. 'பவல்ஸ் ஆஃப் எர்த்' கடைசியில் இருக்கட்டும், அவசரம் இல்லை.

---

தாழ்சுருதி எழுதியது:

'டு ரைட்' இப்போதுதான் ஆரம்பித்தேன் அண்ணா. முதல் பாட்டிலேயே உட்கார வைத்துவிட்டார்கள். ஒரு உதவி: எச்எம்-2 பழையதுதான் வாங்க வேண்டுமா, புதிதாகக் கிடைக்குமா?

---

ஆரஞ்சு எழுத்து எழுதியது:

பழையதைத் தேடி அலையாதே. பாஸ் நிறுவனமே 2021-இல் எச்எம்-2டபிள்யூ என்று, வாசா என்ற தன் உயர்தர பெடல் வரிசையில் மறுபடி கொண்டுவந்திருக்கிறது. ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும், அதை ஸ்டாண்டர்ட் பக்கம் வைத்தால் பழைய ஒலி. வந்ததும் நான்கு குமிழையும் வலது கோடி வரை திருகு. வலது கையை மட்டும் பாலத்திலிருந்து எடுக்காதே.